பதினேழாவது ராடு

எங்கள் ஊரில் மோட்டார் போடுவதும் வால்வு திறப்பதும் என் வேலை. சேலத்திலிருந்து நாமக்கல் போகும் நெடுஞ்சாலையில் புதுச்சத்திரத்தைத் தாண்டி உள்ளே பிரியும் ஒரு சாலையில் ஊர் இருக்கிறது. கொஞ்சம் மேடான நிலம். ஆற்றுத் தண்ணீர்க் குழாய் எங்கள் மேட்டுக்கு ஏறாது என்று தெரிந்தபோது ஊர்க்காரர்களே ஒரு சங்கம் வைத்து, போர் போட்டு, மேல்நிலைத் தொட்டி கட்டி, வீட்டுக்கு வீடு குழாய் இழுத்தார்கள். நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த வருடம் அது. குழாய் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் சங்கத்தில் பங்கு உண்டு. போரும் தொட்டியும் எல்லோருக்கும் சொந்தம் என்பதால் குறை சொல்லும் உரிமையும் எல்லோருக்கும் இருந்தது. அந்தக் குறைகள் முதலில் என்னிடம் வரும்.

எனக்கு முன்னால் இந்த வேலையைச் செய்தவர் ரிக் வண்டிக்குப் போய்விட்டார். எங்கள் பக்கத்தில் பாதி ஆண்கள் ரிக் வண்டிக்குத்தான் போகிறார்கள். ரிக் என்பது ஆழ்துளைக் கிணறு தோண்டும் லாரி. கூடவே ராடு என்கிற தோண்டும் இரும்புக் குழாய்களையும் டீசலையும் சுமந்துகொண்டு இன்னொரு லாரி போகும். என் கணவரும் அதில்தான் இருக்கிறார். வருடத்தில் ஒன்பது மாதம் வெளி மாநிலங்களில் யாருடைய நிலத்திலாவது ஓட்டை போட்டுக்கொண்டிருப்பார். நான் பத்தாவது வரை படித்தவள். தினமும் காலையில் எழுந்துவிடுவேன், அதிகம் பேசமாட்டேன். இந்த இரண்டு காரணங்களால் வேலையை எனக்குக் கொடுத்ததாகச் சங்கத் தலைவர் பிறகு சொன்னார்.

தலைவர் மூன்று ரிக் வண்டிகள் வைத்திருந்தவர். இப்போது மகன்கள் பார்த்துக்கொள்கிறார்கள். நான் அவரைப் பெரியப்பா என்று கூப்பிடுவேன். சங்கத்தின் செயலாளர் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார். கிணற்றையும் மழையையும் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார் என்று அவருக்கு ஊரில் ஒரு பெயர்.

எனக்குக் கயிற்றைக் கொடுத்தவர் அந்த வாத்தியார்தான். மெல்லிய நைலான் கயிறு. பத்தடிக்கு ஒரு முடிச்சு, நூறடிக்கு ஒரு சிவப்புத் துணி. நுனியில் உள்ளே குடைந்த சிறிய பித்தளைத் துண்டு. போருக்குள் மோட்டார்க் குழாயை ஒட்டி ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயும் இறக்கியிருக்கிறார்கள். அதன் மேல் மூடியைத் திறந்து கயிற்றை விட்டால், பித்தளை தண்ணீரைத் தொடும்போது ‘கபக்’ என்று ஒரு சத்தம் குழாய் வழியாக மேலே வரும். எத்தனை முடிச்சு இறங்கியது என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை, வெள்ளிக்கிழமை, மோட்டார் போடுவதற்கு முன்பு.

“எதுக்குங் சார் இது?” என்று முதல் நாள் கேட்டேன்.

“காய்ச்சல் இருக்குதான்னு தொட்டுப் பாக்கறமில்ல, அந்த மாதிரிதாம்மா” என்றார்.

அந்த நோட்டை வேறு யாரும் கேட்டதில்லை. இரண்டு வருடம் எழுதினேன். பதினைந்தாவது முடிச்சில் இருந்த தண்ணீர் இருபத்தொன்றாவது முடிச்சுக்குப் போனது.

அந்த இரண்டு வருடத்தில் வேறு சிலவும் மாறின. மாசி மாதத்திலேயே மோட்டார் அறையின் தகரக் கூரை தொட முடியாதபடி சுட்டது. மதியம் மோட்டார் ஓடினால் சுவிட்சுகள் இருக்கும் பேனல் பெட்டி சூடேறி மோட்டார் நின்றுவிடும். நான் பெட்டிக்கு மேல் தகரத்தின் வெளிப்பக்கம் ஈரச் சாக்குப் போட்டுப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் சாக்கு காய்ந்துவிடும். வெயில் ஏற ஏற வீடுகளில் தண்ணீர்ச் செலவும் ஏறியது. இரண்டு வேளை குளித்தார்கள். தறி ஓடும் வீடுகளில் தரையில் தண்ணீர் தெளித்தார்கள், ஜன்னலில் ஈரத்துணி கட்டினார்கள். தொட்டி நிறைய ஆகும் நேரம் கூடியது, காலியாகும் நேரம் குறைந்தது.

கடைசி வீதிக்குத் தண்ணீர் போய்ச் சேரும்போது வேகம் இருக்காது. அந்த வீதியில் தறி ஓட்டும் ஒரு பெண் இருக்கிறாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். வால்வடியில் என்னைப் பார்த்தால் சும்மா போகமாட்டாள்.

“ஏனக்கா, எங்க ஈதி வால்வுன்னா மட்டும் உங்களுக்குக் கை வலிக்குமாட்ட இருக்குதே?”

“முழுசாத்தான் தொறந்திருக்கறேன்.”

“அப்பறம் எதுக்குக் கொழாய் எங்களப் பாத்து அழுவுது? சொட்டுச் சொட்டா உடுது!”

அவள் குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டு போய்விடுவாள்.

அந்த மாசியில் வாத்தியார் ஒரு கூட்டம் போட்டார். பள்ளிக்கூட அறையில் ஒரு சார்ட்டை ஒட்டி அதில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார். வெயில் இன்னும் கூடும். மழை நாட்கள் குறையும், பெய்தால் ஒரே மூச்சில் பெய்து ஓடிவிடும். சங்கம் என்ன செய்யப்போகிறது? அவர் பருவநிலை மாற்றம் என்ற வார்த்தையைச் சொன்னதும் பின்னாலிருந்து ஒருவர், “வாத்தியாரே, பரிச்சைக்கு இது வருமா?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியாரும் சிரித்துவிட்டு, “பரிச்ச வந்துருச்சுங்க, நாமதான் படிக்கல” என்றார்.

பேச்சு ஒரு மணி நேரம் போனது. மோட்டார் ஓடும் நேரத்தை விடியற்காலைக்கு மாற்றுவது, கூரைக்கு வெள்ளை அடிப்பது என்று இரண்டுக்கு எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு தலைவர் எழுந்தார்.

“வெயில நம்ம நிறுத்த முடியாது. ஒரு போரு இருக்குது. அது நின்னுபோச்சுன்னா ஊரு நின்னுபோகும். இன்னொண்ணு இருந்துதுன்னா ஒண்ணு போனாலும் ஒண்ணு காப்பாத்தும். என்ற ரிக்கு பங்குனில ஊருக்கு வருது. நானே போட்டுக் குடுக்கறேன்.”

கைதட்டல் விழுந்தது. ரிக் ஊரில் இதைவிட வேறு திட்டம் யாருக்கும் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை.

பங்குனியில் ரிக் வந்தது. கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்க்கும் ஒருவர் காட்டிய இடம் பழைய போரிலிருந்து நாற்பது தப்படி தூரத்தில் இருந்தது. மின்சாரமும் குழாயும் பக்கத்திலேயே இருந்ததால் எல்லோருக்கும் பிடித்துப்போனது. இடையில் பழைய பொதுக்கிணறு. கல் கட்டிய பெரிய கிணறு, பல வருடமாக வறண்டு கிடந்தது.

எங்கள் பக்கத்தில் ரிக் ஓடும் இடத்துக்கென்று ஒரு கட்டுப்பாடு உண்டு. செருப்புப் போடக்கூடாது. தோண்டி முடித்து, ராடுகளையெல்லாம் மேலே எடுத்து, தேங்காய் உடைக்கும் வரை ‘இல்லை’, ‘வராது’, ‘போச்சு’ போன்ற வார்த்தைகள் யார் வாயிலும் வரக்கூடாது. கேலிக்குக்கூடக் கூடாது. டீ தீர்ந்துவிட்டால் ‘டீ நெறைஞ்சு போச்சு’ என்பார்கள். என் கணவர் வீட்டுக்கு வந்தால் சோற்றுப் பானையைப் பார்த்தும் அப்படித்தான் சொல்வார்.

காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தார்கள். இருபதடி ராடு ஒவ்வொன்றாக இறங்கியது. ஓட்டையிலிருந்து வெள்ளைப் பொடி பறந்து வேப்பமரத்தின் ஒரு பக்கத்தை மூடியது. பாறை உடையும்போது காற்றை அடித்து அந்தப் பொடியை வெளியே தள்ளுவார்கள். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. ஊரே அங்கே நின்றது. தூசி வராத இடம் என்று நான் பழைய போரடியில் போய் நின்றேன்.

பதினேழாவது ராடு பாதி இறங்கியபோது என் காலடியில் ஒரு சத்தம். குக்கர் விசில் போடுவதற்கு முன் இரைவது போல. பழைய போரின் மூடியைச் சுற்றி, கேபிள் போகும் சந்து வழியாகக் காற்று வந்துகொண்டிருந்தது. குனிந்து பார்ப்பதற்குள் அளவுக்குழாயின் மூடி துள்ளி விழுந்தது. குழாயிலிருந்து குளிர்ந்த ஈரக் காற்று என் முகத்தில் அடித்தது. கையால் துடைத்துப் பார்த்தேன். சாம்பல் நிறச் சேறு.

அதே நேரத்தில் அந்தப் பக்கம் சத்தம் எழுந்தது. வெள்ளைப் பொடி நின்று, சேறாகி, பிறகு தண்ணீர் பனை உயரத்துக்கு அடித்தது. தலைவர் அதில் நனைந்துகொண்டு கத்தினார்.

“பதினேழு! பழசுக்கும் பதினேழாவது ராடுலதான் ஊத்துக்கண்ணு தொறந்துச்சு! ராசிடா, ராசி!”

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். கடைசி வீதிப் பெண் தண்ணீருக்குள் நின்று முகத்தை மேலே தூக்கி வைத்திருந்தாள். நான் அளவுக்குழாயின் மூடியைத் தேடி எடுத்துத் திரும்ப மாட்டினேன். அது மறுபடியும் துள்ளியது. அதன்மேல் ஒரு கல்லை வைத்தேன்.

சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. தேங்காய் உடைக்கவில்லை. உடைத்த பிறகு சொல்லலாம் என்று நின்றேன். மாலை மூன்று மணிக்கு உடைத்தார்கள். இரண்டரை இஞ்சுத் தண்ணீர், நல்ல ஊற்று என்று ரிக்காரர்கள் அளந்து சொன்னார்கள். எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். எனக்கும் ஒரு வாழையிலைத் துண்டில் வந்தது. தின்றுகொண்டே இருந்தேன்.

அன்று சாயங்காலம் கணவர் போன் செய்தார். ஊரில் தண்ணீர் அடித்த வீடியோ அவருக்கு அதற்குள் போயிருந்தது.

“தோண்டறப்ப பழைய போருல காத்து வந்துச்சுங்க” என்றேன்.

அவர் லாரிச் சத்தத்தை விட்டுத் தள்ளி வந்து கேட்டார்.

“வெறுங் காத்தா, சேறுமா?”

“சேறும் வந்துச்சு.”

“அப்ப ரெண்டும் ஒரே கண்ணு. புதுத் தண்ணி இல்ல புள்ள அது. ஒரே சொம்புக்கு ரெண்டு வாயி.”

“நான் சொல்லட்டுங்களா?”

“தேங்கா ஒடச்சாச்சில்ல. உன்ற வாயால எதுக்கு? அடுத்த வெய்யக் காலம் வந்தா அவிங்களுக்கே தெரியும்.”

நான் சொல்லவில்லை. வருத்தமாக இருந்தது என்று எழுதினால் அது முழு உண்மை ஆகாது. சொல்லாமல் இருப்பது எனக்கு எளிதாகவும் இருந்தது.

சங்கம் இரண்டு போரை நம்பித் திட்டம் போட்டது. ஒரு நாள் இந்த மோட்டார், மறுநாள் அந்த மோட்டார். ஓடாத போர் ஓய்வெடுக்கும் என்றார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்த தண்ணீர் தினமும் வந்தது. சாலையோரம் புதிதாக மனை பிரித்த இடத்தில் எழும்பிய வீடுகளுக்கும் குழாய் கொடுத்தார்கள். கடைசி வீதிப் பெண் என்னிடம் சண்டை போடுவதை நிறுத்திவிட்டாள். “என்னக்கா, பேசறதுக்கு ஒண்ணுமில்லாமப் போச்சே” என்று ஒரு நாள் சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமைகளில் கயிறு விட்டேன். புது மோட்டார் ஓடிய மறுநாள் பழைய போரில் தண்ணீர் இறங்கியிருக்கும். பழையது ஓடிய மறுநாள் புதியதில் இறங்கியிருக்கும். ஓய்வு என்று எதுவும் இல்லை. இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்து நாலு. வாத்தியாருக்கு அந்த வருடம் வேறு ஊருக்கு மாற்றல் வந்து, வாரக் கடைசியில் மட்டும் வந்துபோனார். நோட்டைக் கேட்க அவருக்கு நேரம் இருக்கவில்லை. கொண்டுபோய்க் காட்ட எனக்குக் கால் வரவில்லை.

ஐப்பசியில் ஒரு மழை பெய்தது. நாற்பது நாள் ஒன்றுமில்லாமல் இருந்து ஒரே மதியத்தில் பெய்தது. சாலையில் தண்ணீர் முழங்கால் உயரம் ஓடியது. மோட்டார் அறைக்குள் சேறு புகுந்தது. பொதுக்கிணற்றின் கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் இடிந்திருந்ததால் வீதித் தண்ணீர் அந்த வழியாகக் கிணற்றுக்குள் விழுந்துகொண்டிருந்தது. மறுநாள் எட்டிப் பார்த்தேன். செம்மண் நிறத்தில் இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றது. ஆறு நாளில் அது காணாமல் போனது. அந்த வெள்ளிக்கிழமை கயிறு இருபத்தொன்றாவது முடிச்சிலேயே ‘கபக்’ என்றது. நம்பாமல் மூன்று முறை விட்டுப் பார்த்தேன்.

கார்த்திகையில் சங்கம் அந்தக் கிணற்றை மூடுவதென்று முடிவு செய்தது. வறண்ட கிணறு, சுவர் இடிந்தது, ஆடு மாடு விழும் என்றார்கள். மூடிவிட்டு அதன்மேல் பெரிய தரைத்தொட்டி கட்டினால் இரண்டு போர்த் தண்ணீரையும் சேர்த்து வைக்கலாம். நெடுஞ்சாலை வேலை நடக்கும் இடத்திலிருந்து மண் சும்மா கிடைத்தது. கூட்டத்தில் நான் வாசற்படி ஓரமாக உட்கார்ந்திருந்தேன். ‘யாருக்காச்சும் ஆட்சேபணை இருக்குதா’ என்று கேட்டார்கள். நோட்டு என் மடியில் இருந்தது. பிறகு டீ வந்துவிட்டது.

மறுநாள் டிப்பர் லாரிகள் வந்து கிணற்றைச் சுற்றி மண் கொட்டின. தள்ளிவிடும் வண்டி திங்கட்கிழமை வரும் என்றார்கள்.

அன்று வெள்ளிக்கிழமை. நான் கயிறு விட்டுக்கொண்டிருந்தேன். தலைவர் மண் குவியலைப் பார்க்க வந்தவர் என்னிடம் வந்து நின்றார்.

“என்ன அம்மிணி, இன்னும் இந்தக் கவுத்தப் புடிச்சுட்டுத்தான் இருக்கறயா? வாத்தியாரு போயாச்சு, பரிச்ச மட்டும் நடக்குதா?”

நான் கயிற்றை அவர் கையில் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் சிரித்துக்கொண்டே இறக்கினார். கபக் என்றது.

“எத்தன முடிச்சு?”

“இருபத்திரண்டுங்க பெரியப்பா. இப்ப புது மோட்டாரப் போடறேன். ஒரு மணி நேரம் கழிச்சு இதே கவுத்த இங்கயே உட்டுப் பாருங்க.”

நான் அவ்வளவு நீளமாக அவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார். நான் புது மோட்டாரைப் போட்டேன். ஒரு மணி நேரம் ஆனது. அவரே எழுந்து வந்து கயிற்றை விட்டார். இருபத்திரண்டில் சத்தம் வரவில்லை. இருபத்து மூன்றைத் தாண்டியது. இன்னும் கொஞ்சம் விட்டார். கபக்.

கயிற்றைப் பிடித்தபடியே நின்றார். முப்பது வருடம் ரிக் ஓட்டியவருக்கு மேலே எதுவும் விளக்கத் தேவையில்லை.

“அன்னிக்குத் தோண்டறப்ப இதுல காத்து வந்துச்சா?”

“வந்துச்சுங்க.”

“சேறு?”

“வந்துச்சுங்க. மூடி துள்ளி உழுந்துச்சு. கல்லு வெச்சேன்.”

“கல்லு வெச்சயா!” குரல் ஏறிவிட்டது. “அத எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன? வாய்க்குமா கல்லு வெச்சிருந்த?”

“தேங்கா ஒடைக்கறதுக்கு முன்னால சொல்லக் கூடாதுன்னாங்க. ஒடைச்சதுக்கப்பறம் எல்லாரும் சந்தோசமா இருந்தீங்க.”

அவர் கயிற்றைச் சுற்றிக்கொண்டே தனக்குத்தானே பேசுவது போல, “பதினேழு, பதினேழுன்னு நாந்தான கத்துனேன். ரெண்டும் ஒரே ஆழத்துல தொறந்தா என்னன்னு சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும். ராசின்னு நெனச்சுட்டேன்” என்றார்.

நோட்டைக் கொடுத்தேன். ஐப்பசி மழைக்குப் பின் வந்த வெள்ளிக்கிழமையைக் காட்டினேன். கிணற்றில் நின்ற தண்ணீரையும் அது ஆறு நாளில் இறங்கியதையும் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து, “திங்கக்கெழம வண்டி வர வேண்டாம்னு சொல்லிப்போடறேன். ஞாயித்துக்கெழம கூட்டம். நீ சொல்லிரு” என்றார்.

“என்னால ஆகாதுங்க.”

“நான் சொன்னா தன்னோட ரிக்கயே கொறை சொல்றான், கெழவனுக்கு என்னமோ ஆச்சுன்னுவாங்க.”

“அப்ப கூட்டத்த இங்கயே வெச்சுக்கலாமுங்க. கவுறு சொல்லட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பழைய போரடியில் கூட்டம் நடந்தது. வாத்தியாரும் வந்திருந்தார். யார் கயிறு பிடிப்பது என்ற கேள்வி வந்தபோது தலைவர், “தண்ணி வல்லைன்னு அதிகமாச் சண்ட போடறது ஆரு? அவளே புடிக்கட்டும்” என்றார். கடைசி வீதிப் பெண் முன்னால் வந்தாள். முதலில் ஒரு முறை விட்டாள். நான் மோட்டார் போட்டேன். ஒன்றரை மணி நேரம். டீ வந்தது, ஓலைப்பக்கோடா வந்தது. புது மனைக்காரர்கள் தங்கள் குழாயைப் பிடுங்கிவிடுவார்களோ என்று ஓரமாக நின்று பேசிக்கொண்டார்கள். பிறகு அவள் இரண்டாம் முறை விட்டாள்.

“அக்கா, சத்தமே காணமே?”

“இன்னும் உடு.”

“எங்கக்கா போகுது இது…” என்றவள், கபக் என்றதும் முடிச்சை விரலால் பிடித்துக்கொண்டு எல்லோரையும் பார்த்தாள். “மோட்டாரு அங்க ஓடுது. தண்ணி இங்க எறங்குது. அப்ப ரெண்டு போரு போட்டு ஒரு போருத் தண்ணியவா குடிச்சுட்டிருக்கறம்?”

வாத்தியார் ஐந்து மாதமாகப் பேசாததையெல்லாம் பேசுவார் என்று பயந்தார்கள். அவர் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார். இனி மழை இப்படித்தான் வரும். வரும் அந்த ஒரு மதியத்தில் பிடிக்க நம்மிடம் இந்தக் கிணறு ஒன்றுதான் இருக்கிறது.

சண்டை இல்லாமல் முடியவில்லை. தரைத்தொட்டிக்கு ஆசைப்பட்டவர்கள் கத்தினார்கள். புது மனைக்காரர் ஒருவர், எங்களுக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆச்சு என்றார். யார் குழாயையும் பிடுங்குவதில்லை, ஆனால் எல்லோருக்கும் மூன்று நாளைக்கு ஒரு முறை, கடைசி வீதிக்கு முதலில் திறப்பது என்று மதியம் இரண்டு மணிக்குக் கைகள் உயர்ந்தன. இரண்டு மோட்டாரில் ஒன்றைக் கழற்றிப் பழுதுக்கு மாற்றாக வைத்துவிட்டார்கள். கிணற்றை மூடக் கொட்டிய மண்ணை வைத்து வீதித் தண்ணீர் கிணற்றுப் பக்கம் திரும்பும்படி ஒரு வரப்பு போட்டார்கள். வழியில் சேறு தங்க ஒரு குழி வெட்டி ஜல்லி நிரப்பினார்கள். சுவரின் இடிந்த பக்கத்தில் கம்பி வலை அடித்தார்கள்.

சித்திரை வரை சொட்டு மழை இல்லை. கயிறு இருபத்தாறு வரை போனது. மோட்டாருக்கு மேல் இன்னும் கொஞ்சம் தண்ணீர்தான் இருந்தது. மூன்று நாள் என்பது நான்கு நாள் ஆனது. கடைசி வீதிப் பெண் மறுபடியும் வால்வடியில் நின்று பேச ஆரம்பித்தாள். ஆனால் திட்டிவிட்டுப் போகும் முன் “இன்னிக்கு எத்தன முடிச்சு?” என்று கேட்பாள். பிறகு வேறு சிலரும் கேட்டார்கள். தொட்டியின் தூணில் சுண்ணாம்பால் எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.

சித்திரை கடைசியில் ஆலங்கட்டியோடு ஒரு மழை அடித்தது. முக்கால் மணி நேரம். வரப்பு ஒரு இடத்தில் உடைந்து, இரண்டு பேர் மண்வெட்டியோடு நனைந்துகொண்டு அடைத்தார்கள். கிணற்றுக்குள் தண்ணீர் விழும் சத்தம் தொட்டியடி வரை கேட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை தூணில் இருபத்து நாலு என்று எழுதினேன். இரண்டு முடிச்சு. அதற்கு மேல் அந்த மழையால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்தக் கோடையில் தொட்டி ஒரு நாளும் முழுதாக வற்றவில்லை.

சங்கம் இன்னொரு விதியும் போட்டது. சுற்றுவட்டத்தில் யார் போர் போட்டாலும் எங்களிடம் சொல்ல வேண்டும். தோண்டி முடியும் வரை நான் பழைய போரடியில் நிற்க வேண்டும். ‘காத்து வந்தா ஒடனே சொல்லிப்போடு. தேங்காயெல்லாம் பொறகு’ என்றார் தலைவர். இதுவரை இரண்டு முறை நின்றிருக்கிறேன். முதல் முறை ஒன்றும் வரவில்லை.

இரண்டாம் முறை, வடக்கே ஒரு தோட்டத்துக்காரர் போட்டபோது, பத்து மணிக்கு மேல் அளவுக்குழாய் மூடி ஆட ஆரம்பித்தது. நான் அதன்மேல் கை வைத்துப் பார்த்தேன். குளிர்ந்த காற்று. வரப்பின் மேல் நடந்து போனேன். செருப்பை வெளியே விட்டுவிட்டு ரிக்கின் பக்கத்தில் போனேன். சத்தத்தில் யாருக்கும் நான் வந்தது தெரியவில்லை. இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு ரிக்காரரின் தோளைத் தொட்டேன். அவர் ஓட்டத்தைக் குறைத்தார். எல்லோரும் திரும்பினார்கள்.

“காத்து வருதுங்க” என்றேன். “எங்க போருல.”

தோட்டத்துக்காரரின் மனைவி கையில் தேங்காய்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். “நல்ல வேளையில வந்தா பாரு” என்று சத்தமாகவே சொன்னாள். தோட்டத்துக்காரர் என்னை முறைத்தார். பிறகு ரிக்காரரைப் பார்த்து, “ஒரே கண்ணுதானா?” என்று கேட்டார்.

“காத்து வந்தா ஒண்ணுதானுங்க” என்றார் அவர்.

தோட்டத்துக்காரர் போரை நிறுத்தவில்லை. அது அவர் நிலம். ஆனால் எங்கள் மோட்டார் ஓடாத நாட்களில்தான் அவர் மோட்டார் ஓட வேண்டும் என்று பேசி முடிவானது. பெரும்பாலும் அப்படித்தான் ஓட்டுகிறார். தூணில் இப்போது அவருடைய போரின் முடிச்சையும் சேர்த்து எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை காலையில் அவரே வந்து கயிற்றை இறக்குகிறார். நான் எண்ணுகிறேன்.